ராங்லருக்கு லாங் ஆர்ம் கிட் அவசியமா?

தண்டையார்பேட்டை வாசகர்: வணக்கம். என் ஜீப் ராங்லர் ஜேகே வண்டியை 4 அங்குலம் உயர்த்த விரும்புகிறேன். கன்டெய்னர் லாரிகள் குழியாக்கிய எண்ணூர் விரைவுச் சாலையிலும், விடுமுறையில் பழவேற்காட்டு மணலிலும் ஓடும் வண்டிக்கு லாங் ஆர்ம் கிட் (கன்ட்ரோல் ஆர்ம்களுக்குப் பதில் நீளமானவற்றைப் பொருத்தும் உதிரிபாகத் தொகுப்பு) அவசியமா?

எண்ணூர் வாசகர்: ஐயா, வண்டியை உயர்த்தும்போது அச்சைச் சேஸிஸுடன் (வண்டியின் அடிச்சட்டம்) இணைக்கும் குட்டையான கன்ட்ரோல் ஆர்ம்கள் அதிகமாகச் சாய்வதால், குழியில் இறங்கும் அதிர்ச்சி ஸ்பிரிங்கில் அடங்காமல் சேஸிஸுக்கு ஏறுகிறது, நீண்ட ஆர்ம் அந்தச் சாய்வைக் குறைத்து, அச்சு சீராக மேலும் கீழும் அசைய வழி செய்கிறது. ஆனால் பெரும்பாலும் ஆர்ம்களைப் பிடித்திருக்கும் பழைய பிராக்கெட்டுகளை அறுத்துப் புதியவற்றை வெல்டிங் செய்ய நேரிடும். மணலுக்கு டயர்க் காற்றைக் குறைப்பதே பெரும்பயன் தரும்.

மணலி வாசகர்: உங்கள் பயன்பாட்டிற்கு இரண்டரை அங்குலமே போதும் என்பது என் உறுதியான கருத்து. 4 அங்குலமேதான் என்றால் கேஸ்டர் கோணம் (முன் சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு), பிரேக் ஹோஸ் நீளம், முன் டிரைவ் ஷாஃப்ட் (முன் அச்சுக்கு விசை கொண்டுசெல்லும் தண்டு) ஆகியவற்றையும் கவனியுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இத்தகைய மாற்றங்களைக் கட்டுப்படுத்துவதால், முன்பணம் கொடுக்கும் முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள்.