‘பியர் கோச்’சுக்குத் தமிழ்: பயிற்றுநரா, வழிகாட்டியா, துணையாளரா?

அனுப்புநர்: கைந்நூல் மொழிபெயர்ப்பாளர்

சேர், அக்கா, வணக்கம்.

எங்கள் பல்கலைக்கழக முதலாம் வருட மாணவர் கைந்நூலில் ‘பியர் அகடமிக் கோச்’ என்று ஒரு பந்தி வருகிறது. ஒரு வருடம் மூத்த மாணவர் கிழமைக்கு ஒருதரம் புதியவரோடு இருந்து, பாடத்தை அல்ல, படிக்கிற முறையைச் சீர்செய்ய உதவுவது. இப்போதைக்கு ‘சகபாடிக் கல்விப் பயிற்றுநர்’ என்று போட்டிருக்கிறேன். வாசித்தால் கிரிக்கெட் அணிக்கு ஆள் எடுக்கிறமாதிரி இருக்கு. ‘மாணவ வழிகாட்டி’ என்று விட்டால் காணுமா?

அனுப்புநர்: கற்றல் ஆதரவு ஒருங்கிணைப்பாளர்

தம்பி, காணாது.

‘வழிகாட்டல்’ ஏற்கெனவே ஒரு கதவில் தொங்குகிறது: தொழில் வழிகாட்டல் பிரிவு. சீ.வீ. எழுதப் பழக வருபவரும் நேர அட்டவணை குழம்பினவரும் ஒரே கதவைத் தட்டுவார்கள். ‘ஆலோசகர்’ அதைவிடச் சிக்கல். மாணவர் ஆலோசகர் என்பது விரிவுரையாளருக்குக் கொடுக்கும் பொறுப்பு. நித்திரை இல்லை, சாப்பாடு இறங்குதில்லை என்று அழுதுகொண்டு வருபவரை இரண்டாம் வருடப் பிள்ளை வைத்துக் கதைத்துக்கொண்டிருக்கக் கூடாது. அன்றைக்கே ஆலோசகரிடம் கூட்டிக்கொண்டு போக வேணும். இரண்டு பேருக்கும் ஒரே பெயர் இருந்தால் இந்தக் கோடு அழிந்துபோகும்.

சொல் தேட முதல், மேசையில் நடப்பதைப் பார். அமர்வு 50 நிமிடம். முதல் 5 நிமிடம், போன கிழமை ஒத்துக்கொண்ட வேலை நடந்ததா என்று மட்டும் கேட்பது. நடக்கவில்லையென்றால் எந்த நாள், எத்தனை மணிக்குத் தடைப்பட்டது என்று கேட்க வேணும், ‘ஏன் செய்யேல்லை?’ என்று கேட்டால் சாட்டுத்தான் வரும். அடுத்த 10 நிமிடம் அந்தக் கிழமையின் நேரக் கணக்கு. பிறகு 25 நிமிடம் ஒரே ஒரு திறன், மாணவரின் சொந்தக் கொப்பியை வைத்து. கடைசி 10 நிமிடத்தில் அடுத்த கிழமைக்கு இரண்டு வேலை. அதை மாணவர் தன் கையால் எழுத வேணும். மற்றவர் எழுதிக் கொடுத்த தாள் கொப்பிக்குள்ளேயே கிடக்கும்.

நேரக் கணக்குத்தான் புதியவர்களுக்கு அதிர்ச்சி. இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் ஒரு கிரெடிற் என்பது 50 மணித்தியாலக் கற்றல். செமஸ்ரருக்கு 15 கிரெடிற் என்றால் 750 மணித்தியாலம். 15 கிழமையால் பிரித்தால் கிழமைக்கு 50. விரிவுரைக்கு 15 போனால் மிச்சம் 35 எங்கே? (ஆய்வுகூடம் உள்ள பீடங்களில் இந்தக் கணக்கு மாறும்.) உயர்தரம் வரைக்கும் அந்த நேரத்தை ரியூட்டரி வாத்தியார் நிரப்பித் தந்தார்; நோட்ஸும் அவர், பாஸ்ற் பேப்பர் செய்து காட்டுவதும் அவர். இங்கே அது அட்டவணையில் வெறும் கட்டமாக இருப்பதால் ஓய்வு என்று நினைத்துவிடுகிறார்கள். கணக்கு விளங்கினவுடன் 35ஐயும் அடைத்து அட்டவணை போடுவது அடுத்த பிழை. நல்லூரில் கொடி ஏறினால் 25 நாள் திருவிழா. அதற்குள் வீட்டு வேலை, சொந்தக்காரர் வருகை. ஒரு பின்னேரம் தவறினதும் முழு அட்டவணையையும் கைவிட்டுவிடுவார்கள். தவறினதை எடுத்துப் போட 6 மணித்தியாலமாவது சும்மா விட்டுவைக்க வேணும்.

திறன் என்று சொன்னதற்கு ஒரு உதாரணம் மீட்டல். பிள்ளைகள் மீட்டல் என்று சொல்லிக்கொண்டு செய்வது நோட்ஸைத் திரும்ப வாசிப்பதும் மஞ்சள் மை பூசுவதும்தான். உளவியலாளர்கள் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், 5 நிமிடத்துக்குப் பிறகு சோதித்தபோது திரும்ப வாசித்தவர்களே கூடுதலாக நினைவில் வைத்திருந்தார்கள். ஒரு கிழமை கழித்துச் சோதித்தபோது, வாசித்ததைப் பாராமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். ஆகவே அமர்வில் கொப்பியை மூடிவைத்துவிட்டு, வெறும் ஏ4 தாளில் 8 நிமிடம் கடைசி விரிவுரையை எழுதச் சொல்வது. பிறகு கொப்பியைத் திறந்து, விடுபட்டதைச் சிவப்பால் சேர்ப்பது. விரிவுரை ஆங்கிலம், யோசனை தமிழ் என்று இருப்பவர் முதல் தடவை தமிழில் எழுதட்டும். பாடம் விளங்கவில்லையா, ஆங்கிலம்தான் தடக்குதா என்று அப்போதுதான் பிரிச்சறியலாம். இரண்டாம் தடவை பரீட்சை மொழியில்.

இதிலே கூட இருப்பவர் ஒரு கணக்கும் செய்து காட்டவில்லை, கவனி. 13ஆம் கிழமை ரியூட்டோரியல் தாளோடு வந்து ‘இந்த நாலாவதைச் செய்து தாங்கோ’ என்பார்கள். செய்து கொடுத்தால் அடுத்த கிழமை இன்னும் மூன்று பேர் வருவார்கள். அதோடு அது ரியூஷன். பயிற்றுநர், போதனாசிரியர் என்று பெயரை வைத்துவிட்டு அந்த வேண்டுகோளை மறுக்க ஏலாது. ஆசிரியர் வாடையே இல்லாத சொல் வேணும்.

அனுப்புநர்: கலைச்சொற் குழு

தங்கச்சி சொன்னதோடு எனக்கு உடன்பாடு. ஆனால் ‘சகபாடி’யைத் தொலைக்க வேண்டாம். ‘சகபாடி மதிப்பீடு’ எங்கள் ஆசிரியர்களுக்குப் பழகின சொல்தான். ஒரே வகுப்பில் கூடிப் படிப்பவர்தானே சகபாடி, ஒரு வருடம் மூத்தவரை அப்படிச் சொல்லலாமா என்று ஒருவர் தனி மடலில் கேட்டார். சொல்ல வேணும் என்பதே என் கருத்து. ‘சிரேஷ்ட மாணவர்’ என்று எழுதினால் புதிய மாணவருக்கு முதலில் நினைவு வருவது பகிடிவதை. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதைக் குற்றமாக்கியும் அந்தப் பயம் போகவில்லை. மூத்தவரை ஒரு படி இறக்கிப் பக்கத்தில் இருத்துகிற சொல்தான் இங்கே பொருத்தம். அமர்வும் விடுதி அறையில் வேண்டாம். நூலகம்போல நாலு பேர் காணுகிற இடத்தில் வைக்க வேணும் என்று கைந்நூலிலேயே எழுதிவிடு தம்பி.

‘குப்பி’ என்று வைத்தால் என்ன என்று இளையவர்கள் கேட்பார்கள். சிங்கள மாணவரும் தமிழ் மாணவரும் பாவிக்கிற சொல். குப்பி விளக்கைச் சுற்றியிருந்து தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுத்ததால் வந்தது. எனக்கும் விருப்பமான சொல். ஆனால் குப்பி என்பது பாடம் சொல்லிக் கொடுப்பது, அதுவும் பெரும்பாலும் பரீட்சை நெருங்கும்போது. 1973இல் மிசூரி கன்சாஸ் சிற்றிப் பல்கலைக்கழகத்தில் டியானா மார்ட்டின் தொடங்கின ‘சப்ளிமென்ரல் இன்ஸ்ட்ரக்ஷன்’தான் அதற்குக் கிட்டின உறவு: கஷ்டமான ஒரு பாடத்தைப் பிடித்து, அதை ஏற்கெனவே சித்தியடைந்த மாணவர் திரும்பவும் விரிவுரைக்குப் போய் இருந்து, பிறகு குழுவை நடத்துவது. கைந்நூலின் அடுத்த பதிப்பில் அந்த ஏற்பாடு வந்தால் பார்ப்பம். மற்றது, வடக்கில் அந்தச் சொல்லுக்கு வேறொரு கருத்தும் உண்டு: போர்க்காலத்துச் சயனைட் குப்பி. வீட்டில் இழப்பு உள்ள பிள்ளையின் கையில் அந்தத் தலைப்போடு ஒரு படிவத்தை நீட்ட நான் சம்மதியேன்.

‘சட்டாம்பிள்ளை’யையும் ஒருவர் பகிடியாக எழுதியிருந்தார். பகிடி என்றாலும் வரலாறு இல்லாமல் இல்லை. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னை எழும்பூரில் ஆண்ட்ரூ பெல் மூத்த பிள்ளைகளைக் கொண்டு இளையவர்களுக்குக் கற்பித்த முறைதான் ‘மெட்ராஸ் முறை’ என்று இங்கிலாந்துக்குப் போனது. ஆனாலும் சட்டாம்பிள்ளை என்றால் கையில் பிரம்பும் கூடவே வரும்.

என் முன்மொழிவு: வேலைக்குக் ‘கற்றல் துணை’, ஆளுக்குக் ‘கற்றல் துணையாளர்’. ‘துணைவர்’ வேண்டாம், கலியாண வீட்டு வாசம். துணை என்றால் துணைவேந்தர்போலப் பதவியில் அடுத்த ஆள் என்று ஆகாதா என்றால், முன்னால் வந்தால்தான் அந்தக் கருத்து. பின்னால் வந்தால் வழித்துணை மாதிரி, கூடப் போகிறவர், நடப்பது மற்றவர். அமர்வு, படிவம், துணை பெறுபவர் என்று ஒட்டிப் பார்த்தேன், எல்லாம் ஒட்டுகிறது.

அனுப்புநர்: கற்றல் ஆதரவு ஒருங்கிணைப்பாளர்

எனக்குச் சரி, சேர். ஒரு திருத்தம்: தலைப்பில் முழுதாகச் ‘சகபாடிக் கற்றல் துணையாளர்’, பிறகு ‘துணையாளர்’ மட்டும். வரைவில் உள்ள ‘பலவீனமான மாணவருக்கான’ என்ற அடைமொழியை எடுத்துவிடு தம்பி. அது நின்றால் ரிப்பீட் வந்தவர்கள்கூட வரமாட்டார்கள், மற்றவர்கள் அறவே வரார்கள்.

அனுப்புநர்: கைந்நூல் மொழிபெயர்ப்பாளர்

எடுத்துவிட்டேன், அக்கா. பந்தி இப்போது இப்படி:

‘சகபாடிக் கற்றல் துணையாளர் உங்களைவிட ஒரு வருடம் முன் வந்த மாணவர். நேரம் பிரித்தல், குறிப்பெடுத்தல், மீட்டல், பரீட்சைக்கு ஆயத்தம் ஆகியவற்றில் 50 நிமிடம் உங்களோடு இருப்பார். பாடம் கற்பிக்கமாட்டார், ஒப்படை செய்து தரமாட்டார். முதல் அமர்வை 3ஆம் கிழமைக்குள் பதியவும். வரும்போது கொப்பியும் நேர அட்டவணையும் கொண்டு வரவும்.’

படிவம் மும்மொழியில் போகிறது. சிங்களப் பத்தியில் ‘குப்பி’ என்றுதான் வரைவு வந்திருக்கு, சேர். பாடம் கற்பிக்கமாட்டார் என்று தமிழில் எழுதிவிட்டுப் பக்கத்திலே அதை விட ஏலாது. அங்கே யாரிடம் கதைக்கலாம்?