மாருதி 800: ஸ்டீயரிங் இடப்பக்கம் முழுசா ஒடியுது, வலப்பக்கம் ஒடிய மாட்டேங்குது. ஸ்டில்ட் பார்க்கிங்கில் ஒரே தடவையில் ஏற்ற முடியவில்லை

வைகைக்கரை (கேள்வி)

வண்டி 2004 மாருதி 800. பவர் ஸ்டீயரிங் இல்லாத மாடல், டயர் 145/70 ஆர்12. இடப்பக்கம் முழுசா ஒடித்தால் வண்டி சின்ன வட்டத்தில் திரும்புகிறது, ஆனால் டயர் உள்பக்க ஃபெண்டரில் உரசுகிறது, சில நேரம் 'டக் டக்' சத்தமும் வருகிறது. வலப்பக்கம் ஒடித்தால் ஸ்டீயரிங் சீக்கிரமே நின்றுவிடுகிறது, வட்டம் பெரிதாகிறது. நேர் ரோட்டில் இழுப்பு இல்லை, ஸ்டீயரிங் வீலின் குறுக்குக் கம்பியும் நேராகத்தான் நிற்கிறது. நின்ற இடத்தில் திருப்பினால் ரொம்ப கனம்.

பார்க்கிங் இடம் வழிக்கு வலப்பக்கம். தூணுக்குத் தூண் 2.5 மீட்டர், தூண் வரிசையிலிருந்து எதிர்ச்சுவர் வரை 3.5 மீட்டர். ரிவர்ஸில் ஏற்ற மூன்று நான்கு தடவை முன்னே பின்னே போக வேண்டியிருக்கிறது. ரேக் (ஸ்டீயரிங் சுற்றுவதை இடவல நகர்வாக்கிச் சக்கரத்தைத் திருப்பும் பல் தண்டு) மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

பன்னிரண்டு_இன்ச்

ரேக்கை மாற்றாதீங்க. உரசலும், வலப்பக்கம் குறைவாக ஒடிவதும் ஒரே கோளாறின் இரண்டு முகம். ரேக் நடுவில் இல்லை.

ரேக் இரண்டு பக்கமும் எவ்வளவு நகரும் என்பது அதன் உள்ளேயே முடிவாகிவிட்டது. சக்கரம் நேராக நிற்கும்போது ரேக் சரியாக நடுவில் இருக்க வேண்டும். அலைன்மெண்ட் செய்பவர் இரண்டு டை ராடையும் (ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) சமமாகத் திருப்பாமல், கைக்கு எட்டிய ஒரு பக்கத்தை மட்டும் திருப்பி டோ அளவை (முன்சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ பார்த்து நிற்கும் அளவு) கொண்டுவந்தால் ஸ்டீயரிங் கம்பி சாய்ந்து நிற்கும். அதை மறைக்க ஸ்டீயரிங் வீலைக் கழற்றி நேராக மாட்டிவிடுவார்கள். டோ சரி, கம்பி நேர், இழுப்பும் இல்லை. ஆனால் ரேக் ஒரு பக்கம் தள்ளி உட்கார்ந்திருக்கும். ஒரு பக்கம் வடிவமைப்பு அளவையும் தாண்டி ஒடியும், மறுபக்கம் அந்த அளவுக்குக் குறையும்.

உறுதி செய்வது சுலபம். முன்பக்கம் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்க (வெறும் ஜாக்கியை நம்பி கீழே போகக் கூடாது). ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை திருப்பி எத்தனை சுற்று என்று எண்ணுங்க. அதில் பாதி திருப்பி நிறுத்தினால் சக்கரம் நேராக இருக்க வேண்டும். இல்லை என்றால், டை ராடில் லாக் நட்டுக்கு (நீளம் மாறாமல் பூட்டும் நட்) வெளியே தெரியும் மரைகளை இரண்டு பக்கமும் எண்ணி எழுதுங்க.

லேத்_பட்டறை

கனத்துக்கும் அதே ஸ்டாண்டில் வைத்தே விடை கிடைக்கும். சக்கரம் தொங்கும்போது ஸ்டீயரிங் லேசாகச் சுற்றினால் கோளாறு தரையோடு: டயரில் காற்று குறைவு, அல்லது டயர் அகலம். தொங்கும்போதும் கனமாக இருந்தால் உள்ளே எங்கோ பிடிக்கிறது. டை ராட் எண்டின் (ராடின் வெளி முனை மூட்டு) காட்டர் பின்னை (நட்டு கழலாமல் தடுக்கும் ஊசி) எடுத்து, நட்டைத் தளர்த்தி, புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) போட்டு நக்கிளிலிருந்து (சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் பாகம்) கழற்றுங்க. மரைமேல் சுத்தியல் அடிக்க வேண்டாம். இப்போது ஸ்டீயரிங்கைத் தனியாகவும், சக்கரத்தைக் கையால் தனியாகவும் திருப்பிப் பாருங்க.

சக்கரம் பிடித்தால் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கோடு சேர்ந்த ஷாக் அப்சார்பர்) மேல் பேரிங், இல்லாவிட்டால் லோயர் ஆர்ம் பால் ஜாயிண்ட். திருப்பும்போது ஸ்பிரிங் 'கிரீச்' என்று முறுக்கிக் குதித்தால் மேல் பேரிங்தான். ஸ்டீயரிங் பக்கம் பிடித்தால் முதலில் பார்க்க வேண்டியது கீழ் ஷாஃப்ட்டின் யூஜே (யுனிவர்சல் ஜாயிண்ட், ஷாஃப்ட் கோணம் மாறும் இடத்து மூட்டு). துருப்பிடித்த யூஜே ஒரு சுற்றில் இரண்டு இடத்தில் கனக்கும், இரண்டு இடத்தில் விடும். அந்தத் தாளம் கையில் தெளிவாகத் தெரியும். ரேக் பூட் (ரப்பர் உறை) கிழிந்து தண்ணீர் போயிருந்தால் கனம் சுற்று முழுக்கச் சீராக இருக்கும்.

துரு எண்ணெய் அடித்து விட்டால் யூஜே ஒரு வாரம் லேசாக இருக்கும், பிறகு பழையபடிதான். மாற்றிவிடுங்க. ஆட்டம் தெரிகிறது என்று ரேக்கின் பிளஞ்சர் ஸ்குரூவை (ரேக்கை அழுத்திப் பிடிக்கும் திருகு) முறுக்குவதும் வேண்டாம். அளவுக்கு மேல் முறுக்கினால் வளைவு முடிந்தபின் ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வராது.

'டக் டக்' சத்தத்துக்கு வெளிப்பக்க ஆக்சில் ஜாயிண்ட்டைப் பாருங்க. பூட் கிழிந்து கிரீஸ் தெறித்திருந்தால் ஜாயிண்ட் தேய்ந்திருக்கும். பூட் நன்றாக இருந்தால், அளவு தாண்டி ஒடிவதால் வரும் சத்தமாக இருக்கலாம். ரேக்கை நடுவாக்கிய பிறகு முடிவு செய்யலாம்.

கட்_அடி

நான் பார்க்கிங் பக்கம் வருகிறேன். 800-இன் திருப்பு ஆரம் 4.4 மீட்டர், வீல்பேஸ் (முன் பின் அச்சுகளுக்கு இடையே உள்ள தூரம்) 2.175 மீட்டர், அகலம் 1.44 மீட்டர். இதை வைத்துக் கணக்குப் போட்டால், முழு ஒடிப்பில் உள்பக்கப் பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட ஏறத்தாழ 80 செ.மீ. உள்ளே வெட்டிக்கொண்டு வரும். முகத்தை முன்னே விட்டு ஏற்றும்போது கதவு தூணில் தேய்வது இதனால்தான். ரிவர்ஸில் வெட்டு இல்லை. அதற்குப் பதிலாக முன் வெளி மூலை, வண்டியின் பக்கவாட்டுக் கோட்டைத் தாண்டி கிட்டத்தட்ட 90 செ.மீ. எதிர்ச்சுவர் பக்கம் வீசும். உங்கள் வழியில் அதற்கு இடம் இருக்கிறது, மயிரிழையில்.

தூண் வரிசைக்கும் வண்டிக்கும் 1 மீட்டர் விட்டு நேராகப் போங்க. இந்த 1 மீட்டர்தான் உயிர்; ஒட்டிப் போனால் கிட்டத் தூணில் (இடத்தின் இரண்டு தூணில், முன்னே போகும்போது கடைசியாகத் தாண்டுவது) கதவு படும். மேற்கொண்டு போய், பின் பம்பர் கிட்டத் தூணைத் தாண்டி ஏறத்தாழ 1.4 மீட்டர் போனதும் நிறுத்துங்க. தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, அது உங்கள் தோளுக்கு நேரே எங்கே வருகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டால் தினமும் அளக்க வேண்டாம். வலப்பக்கம் முழுசா ஒடித்து ரிவர்ஸ் எடுங்க. கண் முதலில் வலப்பக்கத் தூணில், பாதி வழியில் இடது முன் மூலையில். வண்டி இடத்துக்கு நேராக வரும்போது ஸ்டீயரிங்கை நேராக்குங்க.

1 + 1.44 + 0.9 கூட்டினால் 3.34 மீட்டர். 3.5 மீட்டர் வழியில் 16 செ.மீ. மிச்சம். வலது ஒடிப்பு குறைந்த வண்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தவே பொருந்தாது. முதலில் ரேக்.

நின்றபடி ஒடிக்காதீங்க. பாதி கிளட்சில் வண்டி ஒரு விரற்கடை நகரத் தொடங்கியதும் திருப்பினால் கனம் பாதிகூட இருக்காது, டை ராட் எண்டும் பிழைக்கும். இன்னொன்று: ரிவர்ஸில் காஸ்டர் (முன்னே போகும்போது ஸ்டீயரிங்கைத் தானாக நடுவுக்குக் கொண்டுவரும் சாய்வு) தலைகீழாக வேலை செய்யும். ஸ்டீயரிங் நடுவுக்கு வராமல் இன்னும் ஒடியப் பார்க்கும். கையை விட்டுவிடக் கூடாது.

வைகைக்கரை

எண்ணிவிட்டேன். வலப்பக்கம் வெளியே 14 மரை, இடப்பக்கம் 9. தொங்கும்போது ஸ்டீயரிங் லேசாகத்தான் சுற்றுகிறது. முன் டயரில் காற்று 19 பிஎஸ்ஐ. ஆக்சில் பூட் இரண்டும் கிழியாமல் இருக்கிறது.

பன்னிரண்டு_இன்ச்

கனத்துக்குக் காரணம் அந்த 19-தான். கையேட்டில் உள்ள அளவுக்கு, டயர் ஆறிய நிலையில் ஏற்றுங்க. லேசாக இருக்கட்டும் என்று 40-க்கு ஏற்றினால் டயரின் பிடிப்பு குறையும்.

மரை வித்தியாசம் 5. நீளமான பக்கத்தை இரண்டரைச் சுற்று உள்ளே, குட்டையான பக்கத்தை இரண்டரைச் சுற்று வெளியே. திருப்புவதற்கு முன் ரேக் பூட்டின் வெளிக் கிளிப்பைத் தளர்த்துங்க, இல்லாவிட்டால் பூட் ராடோடு சேர்ந்து முறுக்கிக் கிழியும். லாக் நட்டைத் தளர்த்தி, டை ராட் எண்டை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு ராடைத் திருப்புங்க. முடிந்ததும் சக்கரத்தை நேராக வைத்து, இப்போது சாய்ந்து நிற்கும் ஸ்டீயரிங் வீலைக் கழற்றி நேராக மாட்டுங்க. காட்டர் பின் எடுத்திருந்தால் புதியதுதான் போட வேண்டும்.

பிறகு அலைன்மெண்ட். இரண்டு பக்கமும் சமமாகத் திருப்பச் சொல்லி, முடிந்ததும் கீழே குனிந்து மரையை நீங்களே எண்ணிவிட்டு வண்டியை எடுங்க.