ஒருமுக ஆண்டெனா: ‘திசைசார் அலைவாங்கி’க்கு ஒரு மாற்று

அனைவருக்கும் வணக்கம்.

அருகிலுள்ள வைஃபை வலையமைப்புகளைத் தேடும் மென்பொருளின் கையேட்டை நாம் தமிழாக்கி வருகிறோம். அதில், ஒரு பக்கம் மட்டும் கூடுதலாக அலையை வாங்கி அனுப்பும் ஆண்டெனாவைக் குறிக்கும் ‘டைரக்‌ஷனல் ஆண்டெனா’ வந்த இடமெல்லாம் ‘திசைசார் அலைவாங்கி’ என்று போட்டிருக்கிறோம். ஒப்புக்கொண்டவர்களில் நானும் ஒருவன். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் ஒரு தகர டப்பாவோடு மூன்று மணி நேரம் நின்ற பிறகு அந்தச் சொல்லை விட்டுக்கொடுக்கத் தயாராகிவிட்டேன்.

அந்த டப்பாவை வைத்தே ஓர் ஆண்டெனா கட்டினேன். டப்பா 83 மி.மீ. விட்டம். அளவு முக்கியம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.3 செ.மீ. விட்டம் ஏறக்குறைய 73 மி.மீ.க்குக் கீழே போனால் அந்த அலை டப்பாவுக்குள் ஓடவே ஓடாது. 92ஐத் தாண்டினால் இன்னொரு வகை அலையும் சேர்ந்து ஓடி வடிவத்தைக் குழப்பும். வீட்டிலிருந்த பால்மாவு டப்பா 10 செ.மீ. இருந்ததால் அதை ஒதுக்கிவிட்டேன். மூடிய அடிப்பக்கத்திலிருந்து 62 மி.மீ. தள்ளி ஓட்டை போட்டு, ஆண்டெனா கம்பிவடத்தை இணைக்கும் என்-டைப் கனெக்டரில் 31 மி.மீ. செம்புக் கம்பியைப் பற்றவைத்து உள்ளே நிறுத்தினேன். 31 என்பது அலைநீளத்தில் கால் பங்கு. 62 என்பதும் கால் பங்குதான், ஆனால் டப்பாவுக்குள் ஓடும்போது அலை நீண்டுவிடுகிறது. அந்த நீண்ட அலையின் கால் பங்கு.

தேடியது என் வீட்டு ரவுட்டரையே. கீழ்த்தளத்தில், தெருப்பக்கம் இருக்கிறது. ரவுட்டர் வினாடிக்குப் பத்து முறை ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று அறிவித்துக்கொண்டே இருக்கும். அதைக் கேட்டாலே போதும், யாருடைய வலையமைப்புக்குள்ளும் நுழைய வேண்டியதில்லை. மடிக்கணினியில் செருகும் வைஃபை டாங்கிளின் சொந்தக் குச்சி ஆண்டெனாவில் சிக்னல் அளவு -74 டிபிஎம் வந்தது (பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்கச் சிக்னல் வலுவானது). டப்பாவை ரவுட்டர் பக்கம் நீட்டினால் -67. முதுகைக் காட்டினால் -80. எண்கள் நொடிக்கு நொடி குதிக்கும் என்பதால் ஒவ்வொரு கோணத்திலும் இருபது முறை குறித்து நடு மதிப்பை எடுத்தேன்.

இங்கேதான் சொல் இடிக்கிறது. முதலில் ‘வாங்கி’. ஆண்டெனா வாங்கவும் செய்யும், அனுப்பவும் செய்யும். வாங்கும்போது எந்தப் பக்கம் கூர்மையோ, அனுப்பும்போதும் அதே பக்கம்தான். பாதி வேலையைப் பெயரில் மறைப்பது சரியில்லை. ‘ஆண்டெனா’ தூர்தர்ஷன் காலத்திலிருந்தே நம் வீடுகளில் புழங்கும் சொல், அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

அடுத்தது ‘திசைசார்’. இது எதையும் சொல்லாத சொல். குச்சி ஆண்டெனாவும் திசை சார்ந்ததுதான். நிமிர்ந்து நிற்கும் குச்சியிலிருந்து அலை சுற்றிலும் போகும், உச்சிக்கும் அடிக்கும் போகாது; அதன் வடிவம் நடுவில் ஓட்டையுள்ள மெதுவடை மாதிரி. அதற்கு இந்த விவாத இழையில் முன்பு வந்த ‘எல்லாத்திசை’ என்ற பெயரும் அதனால் பிழை. உண்மையிலேயே எல்லாத் திசையிலும் சமமாகப் பரப்புவது கணக்குக்காகக் கற்பனை செய்துகொண்ட ஒன்று. ஆண்டெனாப் பெட்டிகளில் அச்சிடும் டிபிஐ (dBi) அளவு அந்தக் கற்பனை ஆண்டெனாவோடு ஒப்பிட்டதுதான். ‘ஒருதிசை’ என்று மாற்றலாம் என்று இழையில் ஓர் அம்மா சொன்ன யோசனையையும் பார்த்தேன். அது உண்மைக்கு மேல் சொல்லிவிடுகிறது. முதுகைக் காட்டியபோதும் -80 வந்ததே. பக்கமடலும் பின்மடலும் இல்லாத ஆண்டெனா கிடையாது. (ஆண்டெனாவிலிருந்து ஒரு பக்கமாக அலை புடைத்துப் போகும் பகுதியே ‘லோப்’; அதற்கு ‘மடல்’ என்று முன்பே முடிவு செய்தோம். காதுமடலை நினைத்தால் மிகப் பொருத்தம்.)

எனவே நான் முன்வைப்பது ‘ஒருமுக ஆண்டெனா’. கிழக்கு முகமாக உட்கார் என்கிறோம்; அதில் திசையும் இருக்கிறது, திரும்பும் ஆளும் இருக்கிறார். முகம் ஒரு பக்கம் என்றால் முதுகு இன்னொரு பக்கம் இருக்கும், அங்கேயும் கொஞ்சம் காதில் விழும். அதைவிட எனக்குப் பிடித்தது, ‘ஒருமுகப்படுத்துதல்’ என்ற சொல் ஏற்கெனவே நம்மிடம் இருப்பது. டப்பா புதிதாக ஆற்றல் எதையும் உண்டாக்கவில்லை. சுற்றிலும் சிதறுவதை ஒரு பக்கம் குவிக்கிறது, அவ்வளவுதான். இப்படிக் குவிவதால் அந்தப் பக்கம் கிடைக்கும் கூடுதல் வலுவான ‘கெயின்’ என்பதைப் பெருக்கம் என்று மொழிபெயர்த்து, ஆண்டெனா சிக்னலைப் பெரிதாக்குகிறது என்று படிப்பவர் நினைத்துக்கொள்ளும் குழப்பமும் இதனால் குறையும். குச்சிக்கு ‘சுற்றுமுக ஆண்டெனா’. கற்பனையானதற்குச் ‘சமமுக ஆண்டெனா’. மூன்றும் ஒரே குடும்பமாக நிற்கும்.

சோதனையில் இன்னொன்றும் நடந்தது. டப்பாவின் வாய் ரவுட்டரையே பார்த்திருக்க, அதைக் கால் சுற்று உருட்டினேன். உள்ளே நின்ற கம்பி படுத்தது. அளவு -67லிருந்து -75க்கு இறங்கியது. திசை மாறவேயில்லை. அலை எந்தத் தளத்தில் அதிர்கிறது என்பதைப் பொறுத்த இதைத்தான் பாடநூல்கள் ‘தளவிளைவு’ (போலரைசேஷன்) என்கின்றன. ‘திசைசார்’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு இதை விளக்கினால் தடுமாறுவோம். முகம் அங்கேயே இருக்கிறது, தலை சாய்ந்துவிட்டது என்றால் பள்ளி மாணவருக்கும் புரியும்.

மாடிகளில் பார்த்த, குறுக்குக் குழாய்கள் வரிசையாக உள்ள டிவி ஆண்டெனாவின் பெயரான ‘யாகி’யையும் தமிழாக்க வேண்டுமா என்று இழையில் கேட்டிருந்த தம்பிக்கு: வேண்டாம், அது ஆள் பெயர். 1926இல் ஜப்பானில் உதாவும் யாகியும் வெளியிட்ட வடிவம் அது; உழைப்பில் பெரும்பங்கு உதாவுடையது. 1942இல் சிங்கப்பூரைப் பிடித்த ஜப்பானியர், அங்கே கிடைத்த பிரிட்டிஷ் ரேடார் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வந்த ‘யாகி’ என்ன என்று புரியாமல் கைதியிடம் கேட்டார்களாம்; அது உங்கள் நாட்டுக்காரரின் பெயர் என்று பதில் வந்ததாம். நாமாவது ‘யாகி-உதா’ என்று இருவர் பெயரையும் முழுதாக எழுதுவோம்.

சிறுவயதில் எங்கள் ஊரில் இலங்கைத் தொலைக்காட்சியான ரூபவாஹினி பார்க்க அண்ணன் மாடியேறி ஆண்டெனா நிற்கும் குழாயைத் திருப்புவார், ‘வந்திருச்சா?’ என்று மேலிருந்து குரல் வரும், ‘இன்னும் கொஞ்சம் திருப்பு’ என்று நாங்கள் கீழிருந்து கத்துவோம். அந்த ஆண்டெனாவும் யாகி-உதாதான். ஞாயிற்றுக்கிழமை என் மகள் மடிக்கணினியைப் பார்த்து எண்ணைச் சொல்ல, நான் டப்பாவைத் திருப்பினேன். கையேட்டின் சோதனைப் பகுதியில் ‘நோக்குநிலையைச் சரிசெய்க’ என்று இருப்பதை ‘முகத்தைத் திருப்புக’ என்று மாற்றக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆண்டெனாவின் முகம் எத்தனை பாகை விரிந்திருக்கிறது என்பதைச் சொல்லும் ‘பீம்விட்த்’ மட்டும் மிச்சம். என் டப்பாவில் இருபுறமும் ஏறக்குறைய 30 பாகை திரும்பியதும் ஆற்றல் பாதியாகிவிட்டது. ஆக மொத்தம் 60 பாகை. அதை ‘முக அகலம்’ எனலாமா? டப்பாவின் வாயகலத்தோடு குழம்பிவிடுமோ என்று எனக்குத் தயக்கம். ‘முகவிரிவு’ என்றும் எழுதிப் பார்த்தேன். ஆண்டெனா கட்டிப் பழகியவர்கள் சொல்லுங்கள்.