செயின்ட் ஹெலீனாவிலிருந்து அசென்ஷன் தீவுக்கு: விமானத்தில் எவ்வளவு நேரம்?

கடல்நாரை:
தென் அட்லாண்டிக்கில் இருக்கும் இந்த இரண்டு தீவுக்கும் நடுவில் எவ்வளவு தூரம்? ஒரு இணையதளத்தில் 1,300 கி.மீ., 1 மணி 35 நிமிடம் என்று காட்டுகிறது, இன்னொன்றில் இரண்டு மணி நேரம். எதை நம்புவது? பச்சை ஆமைகள் அசென்ஷன் கடற்கரையில் முட்டையிட வரும் பருவத்தில் போய்ப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

திசைமானி:
தூரம் சரிதான். அட்சரேகையில் சுமார் 8 டிகிரி, தீர்க்கரேகையில் 8.7 டிகிரி வித்தியாசம். அங்கே ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 110 கி.மீ. என்று வைத்து, பித்தகோரஸ் தேற்றப்படி கணக்குப் போட்டாலே 1,300 பக்கம் வந்துவிடும். நேரத்தில்தான் கோளாறு. 1 மணி 35 நிமிடம் என்று காட்டும் தளம் தூரத்தை வேகத்தால் வகுத்துவிட்டு நிறுத்திக்கொள்கிறது. தென் ஆப்பிரிக்க நிறுவனமான ஏர்லிங்க் ஓட்டும் எம்ப்ராயர் 190 ரக ஜெட் விமானம் மணிக்கு 820 கி.மீ. போல பறக்கும், ஆனால் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்குவது எல்லாம் சேர்த்தால் இன்னொரு 25 நிமிடமாவது ஆகும். இரண்டு மணி நேரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தீவிலும் கிரீன்விச் நேரம்தான், அதனால் கடிகாரத்தை மாற்ற வேண்டியதில்லை. தென் ஆப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் 2 மணி நேரம் முன்னால் இருக்கிறது, அங்கிருந்து செயின்ட் ஹெலீனாவுக்கு வரும் விமானத்தின் பயண நேரத்தைக் கணக்கிடும்போது பலர் இதில்தான் குழம்புகிறார்கள்.

மேகவண்ணன்:
பறக்கும் நேரத்தை விட காற்றைப் பற்றித்தான் நீங்கள் யோசிக்க வேண்டும். செயின்ட் ஹெலீனாவின் ஓடுபாதை கடலிலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்தில், செங்குத்துப் பாறையின் விளிம்பில் முடிகிறது. பாறையில் மோதி மேலே எழும் காற்று, விமானம் தரையைத் தொடப் போகும் நேரத்தில் சட்டென்று திசையும் வேகமும் மாறும். 2016-ல் திறக்க வேண்டிய விமான நிலையத்துக்கு இதனாலேயே வழக்கமான பயணிகள் சேவை 2017 அக்டோபரில்தான் தொடங்கியது. இறங்க முடியாவிட்டால் பக்கத்தில் வேறு விமான நிலையம் கிடையாது, அதனால் கூடுதல் எரிபொருளோடுதான் வர வேண்டும். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வரும் விமானம் நமீபியாவின் வால்விஸ் பேயில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொள்வது இதற்காகத்தான், அங்கிருந்து இன்னும் 2,250 கி.மீ. கடல்.

கடல்நாரை:
நன்றி இருவருக்கும். அப்போ வாரத்துக்கு எத்தனை விமானம்?

திசைமானி:
வாரத்துக்கா? அசென்ஷனுக்கு மாதத்துக்கு ஒன்றுதான். அட்டவணையை ஏர்லிங்க் தளத்திலேயே பாருங்கள், மற்ற தளங்கள் பழைய தேதிகளைக் காட்டலாம்.

மேகவண்ணன்:
அசென்ஷனுக்கு நுழைவு அனுமதியை முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும், போய் இறங்கிப் பார்த்துக்கொள்ளலாம் என்பது அங்கே நடக்காது. அனுமதி கைக்கு வந்த பிறகு டிக்கெட் எடுங்கள். ஆமைகளுக்கு ஜனவரி முதல் மே வரை நல்ல காலம். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து ஊருக்குத் திரும்பும் டிக்கெட்டை மட்டும் தேதி மாற்றக்கூடியதாக எடுங்கள், காற்று சரியில்லை என்று ஒரு நாள் தள்ளிப்போனாலும் அதற்குப் பின்னால் இருக்கும் எல்லா டிக்கெட்டும் கையை விட்டுப் போகும்.