சுவாதி முதல் திருவாதிரை வரை: வெப்பச்சலன மாடல் எங்கே இடறுகிறது

குப்பம்:
சூடான வாயு ஏறிக் குளிர்ந்த வாயு இறங்கும் வெப்பச்சலனத்தைக் கணினியில் ஓட்ட, விண்மீன் மேற்பரப்பின் ஒரு துண்டை முப்பரிமாணப் பெட்டியாக எடுக்கிறோம். சூரியனுக்கு ஓடிய பெட்டியைச் சுவாதி நட்சத்திரத்துக்கு எடுத்தால் முதலில் கெடுவது அகலம். அழுத்த அளவுயரம், அதாவது வாயு அழுத்தம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறையும் உயரம், சூரிய மேற்பரப்பில் சுமார் 135 கி.மீ. சுவாதியின் வெப்பநிலை சுமார் 4,290 கெல்வின்; ஈர்ப்போ சூரியனுடையதில் 600-இல் ஒரு பங்கு. அளவுயரம் 60,000 கி.மீ. ஆகிவிடும். கொதிக்கும் குமிழ் இதைப்போல் ஏறக்குறையப் பத்து மடங்கு, அதாவது ஆறு லட்சம் கி.மீ. பத்துக் குமிழாவது ஒரே நேரத்தில் உள்ளே நிற்கட்டும். இரண்டு மூன்றுதான் என்றால், வலப்பக்கம் வெளியேறியது இடப்பக்கம் நுழைவதால், ஓட்டம் பெட்டியின் அளவுக்கே கட்டுப்பட்டுவிடும்.

வாணியம்பாடி:
அண்ணா, அகலம் சரியாக இருந்தும் பலர் மாட்டுவது அடிப்பக்கத்தில். வெப்பநிலையை நேரடியாகக் கொடுக்க வழியில்லை. கீழிருந்து ஏறும் வாயுவின் என்ட்ரோபியை (வெப்ப நிலையைக் குறிக்கும் ஓர் அளவு) மட்டும்தான் கொடுக்கிறோம். மேலே வெளியேறும் கதிர்வீச்சைச் சராசரி எடுத்தபின்தான் வெப்பநிலை தெரியும். 4,290 வேண்டி 4,350 வந்தால் என்ட்ரோபியைத் துளி குறைத்து மறுபடி ஓட்டவேண்டும். மாற்றியதும் பெட்டி முழுவதும் மேலும் கீழும் ஊசலாடும். செங்குத்து வேகத்துக்குத் தணிப்பு போட்டு அடக்குங்கள். அடங்கியதும் தணிப்பை மறக்காமல் எடுத்துவிடுங்கள். பிறகு சுமார் 20 கணநிலைகளை (ஓட்டத்தின் ஒரு நொடிப் படங்களை), குமிழ்கள் மாறிப்போகும் இடைவெளியில் தேர்ந்தெடுத்தால் போதும்.

உலோகம் (ஹீலியத்தைவிடக் கனமான தனிமங்கள்) குறைந்த விண்மீன் என்றால் ஒளிபுகாமையில், அதாவது வாயு ஒளியை மறிக்கும் அளவைக் கணக்கிடுவதில், கஞ்சத்தனம் வேண்டாம். ஸ்டேகர் கிரிட் என்ற முப்பரிமாண மாடல் தொகுப்பில் ஒளிபுகாமையை 12 தொகுதிகளாகப் பிரித்தார்கள். விரியும் வாயுவை மறுபடி சூடாக்க அங்கே போதிய நிறமாலைக் கோடுகள் இல்லை. மேலடுக்கு மிகவும் குளிர்ந்து மூலக்கூறுகள் பெருகும். உயரத்தை மட்டும் கணக்கில் கொள்ளும் ஒருபரிமாண மாடல் அந்தக் குளிர்ச்சியைக் காணாமல், கார்பனையும் ஆக்சிஜனையும் கூட்டிச் சொல்லிவிடும்.

பாலக்காடு:
திருவாதிரை போன்ற சிவப்புப் பெருவிண்மீனுக்கு இந்தப் பெட்டியே ஆகாது. அந்த வகை விண்மீன்களின் முகத்தில் மிகச் சில பெருங்குமிழ்களே இருக்கும் என்று வானியலாளர் மார்ட்டின் சுவார்ட்ஸ்சைல்ட் 1975-இல் கணித்தார். கொக்கு மண்டலத்தின் பை-1 பெருவிண்மீனில் சுமார் 12 கோடி கி.மீ. குமிழ்களைக் காட்டும் படம் 2017 டிசம்பரில் வெளிவந்தது. முழு விண்மீனையும் கனசதுரத்துக்குள் வைத்து, மையத்தில் ஒரு சிறு உருண்டைக்குள் ஆற்றலைச் செலுத்தவேண்டும். விலை: மேற்பரப்பில் வெப்பநிலை செங்குத்தாக விழும் இடம் கணக்கின் சில கட்டங்களுக்குள் அடங்கிவிடும். நிறமாலைக் கோட்டின் நுண்ணிய வடிவத்தை அதிலிருந்து எடுக்காதீர்கள்.

குப்பம்:
காவலூர் 2.34 மீட்டர் தொலைநோக்கி நிறமாலையோடு ஒப்பிடுவோருக்கு: ஒருபரிமாணத்தில் போடும் 1.5, 2 கி.மீ./வினாடி நுண்கொந்தளிப்பை (கோட்டை அகலப்படுத்த வாயுவுக்குக் கையால் கொடுக்கும் வேகம்) முப்பரிமாணத்தில் சேர்க்கவே கூடாது. அந்த வேகம் ஓட்டத்திலேயே இருக்கிறது. சேர்த்தால் இருமுறை எண்ணியதாகும். கருவியின் பிரிதிறனுக்கும் விண்மீனின் சுழற்சிக்கும் மட்டும் கோட்டை மழுக்குங்கள்.