மறு: டர்போ சுணக்கம் என்ற ஒரே சொல் போதாது

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

இந்த இழையில் வந்த மடல்களை ஒன்றுசேரப் படித்தேன். நம் வாகனக் கலைச்சொல் பட்டியலில் 'சுணக்கம்' என்ற சொல்லுக்கு எதிரே இப்போது இருப்பது: ஆக்சிலேட்டரை மிதித்த பிறகு டர்போ வேலை செய்யத் தொடங்கும்வரை உள்ள தாமதம். (டர்போ என்பது வெளியேறும் புகையால் ஒரு சுழலியைச் சுற்றி, அதே தண்டில் உள்ள அமுக்கியால் இஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஊட்டும் கருவி; அப்படி ஏறும் காற்றழுத்தம்தான் ஊட்டழுத்தம்.) படிக்கும்போது சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் நம் மடல்களில் இந்தச் சொல் இரண்டு வேறு சங்கதிகளுக்குப் புழங்குகிறது. இரண்டையும் பிரித்து இரண்டு சொல்லாக வைக்காவிட்டால், டர்போ அளவைத் தேர்ந்தெடுப்பது பற்றித் தமிழில் உருப்படியாக ஒரு பத்தி எழுத முடியாது.

மார்த்தாண்டத்துத் தம்பி கேட்ட கேள்வியையே எடுத்துக்கொள்வோம். 2 லிட்டர் பெட்ரோல் இஞ்சின், அதில் பெரிய டர்போ மாற்றியிருக்கிறார். இஞ்சின் நிமிடத்துக்கு 4000 சுற்றுக்கு மேல் ஓடினால் வண்டி பறக்கிறது. அதற்குக் கீழே பழைய டர்போவே தேவலாம் என்கிறார். சுணக்கத்தைக் குறைக்க, தண்டைக் குண்டுகள் தாங்கும் பால் பேரிங் டர்போ வாங்கலாமா என்பது அவர் கேள்வி. நம் பட்டியலை நம்பினால் வாங்கலாம் என்றுதான் பதில் வரும். பால் பேரிங் சுணக்கத்தைக் குறைக்கும் என்பது உண்மையும்கூட. ஆனால் அவர் வண்டிக்கு முக்கியமான நோவு சுணக்கம் இல்லை. 2500 சுற்றில் நிறுத்தி எவ்வளவு நேரம் மிதித்தாலும் ஊட்டழுத்தம் ஏறாது. அந்தச் சுற்றில் வெளியே வருகிற புகைக்கு அவ்வளவு பெரிய சுழலியைத் தேவையான வேகத்துக்குச் சுற்றும் வலு கிடையாது. காத்திருந்தால் வருவது வேறு, காத்திருந்தும் வராதது வேறு. இரண்டையும் ஒரே பெயரில் அழைத்தால் தம்பி பெரிய தொகையைச் செலவழித்துவிட்டு அதே 4000 சுற்றுக்குப் பக்கத்திலேயே நிற்பார்.

முப்பந்தல் காற்றாலைகளைப் பாருங்கள். காற்று விநாடிக்கு ஏறத்தாழ 3 மீட்டர் வேகத்துக்குக் கீழே இருந்தால், நாள் முழுக்க வீசினாலும் மின்சாரம் வராது. அந்த எல்லையைத் தாண்டிக் காற்று திடீரென்று கிளம்பும்போது, இறக்கை வேகம் கூட நேரம் எடுக்கும். முதலாவது எல்லை, இரண்டாவது தாமதம். டர்போவிலும் இதேதான். எல்லையை நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்று சொல்வோம், தாமதத்தை விநாடியில் சொல்வோம். அலகே வேறான இரண்டுக்கு ஒரே சொல் எப்படிப் பொருந்தும்?

மருந்தும் வேறு. எல்லையைக் கீழே கொண்டுவர வேண்டுமானால் சுழலி சின்னதாக வேண்டும், அல்லது அதைச் சுற்றிய சங்குக்கூட்டின் பரப்பு-ஆர விகிதம் (புகை போகும் வழியின் பரப்பை, அது சுழலி மையத்திலிருந்து இருக்கும் தூரத்தால் வகுத்தது) குறைய வேண்டும், அல்லது கோணம் மாறும் இதழ்கள் வைத்த டர்போ வேண்டும். ஓட்டும்போதே கைவசம் இருக்கும் வழி, ஒரு கியர் இறக்குவது. தாமதம் பெரும்பாலும் சுழலும் பாகங்களின் எடையையும் விட்டத்தையும் பொறுத்தது. ஒரே வடிவம், ஒரே உலோகம் என்றால் நிலைமத் திருப்புத்திறன், அதாவது சுழற்சி வேகம் மாறுவதை எதிர்க்கும் குணம், விட்டத்தின் ஐந்தாம் அடுக்காக ஏறும். 50 மி.மீ. சக்கரத்தை 60 மி.மீ. ஆக்கினால் அது ஏறத்தாழ இரண்டரை மடங்கு. 'கொஞ்சம் பெரிதாகப் போட்டுக்கொள்ளலாம்' என்று பட்டறையில் சொல்லும்போது இந்த இரண்டரை மடங்கு யாருக்கும் நினைவில் வருவதில்லை. இங்கேதான் எடை குறைந்த சக்கரமும், பால் பேரிங்கும், அழுத்தத்தில் சூடான காற்றைக் குளிர்விக்கும் இண்டர்கூலருக்குப் போகும் குழாயைக் குட்டையாக வைப்பதும் உதவும்.

ஆகவே 'சுணக்கம்' தாமதத்துக்கு மட்டும் இருக்கட்டும். நல்ல சொல், நம் பக்கத்துப் பேச்சிலும் உயிரோடு இருக்கிறது. எல்லைக்கு இதுவரை வந்தவை 'வாசல் வேகம்', 'ஊட்டத் தொடக்கநிலை', 'பிடிசுற்று'. முதலாவது அகராதியைப் பார்த்து வைத்தது போல் இருக்கிறது. வேகம் என்றால் வண்டியின் வேகமா, இஞ்சின் வேகமா என்ற குழப்பமும் வரும். இரண்டாவது சரியானது, ஆனால் பட்டறையில் யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். மூன்றாவது எனக்குப் பிடித்திருக்கிறது. '2000 சுற்றில் டர்போ பிடிக்கும்' என்று இப்போதே பேசுகிறோம், அதிலிருந்து பிடிசுற்று இயல்பாக வருகிறது.

'டர்போ' என்பதற்கே தமிழ்ச்சொல் வேண்டும் என்று ஒரு மடல் வந்திருந்தது. அது டர்போவாகவே இருக்கட்டும். ஆல்ஃபிரெட் பியூக்கி 1905-இல் காப்புரிமை பெற்ற கருவி; இன்று நம்மூர் லாரி ஓட்டுநர் வாயில் அந்தப் பெயர் சரளமாக வருகிறது. நம் உழைப்பு அதன் உள்ளே நடப்பதற்குப் பெயர் வைப்பதில் போகட்டும்.

அடுத்தது அமுக்கி வரைபடம்: காற்றோட்டத்தைக் கிடையாகவும் அழுத்த விகிதத்தைச் செங்குத்தாகவும் வைத்து, அமுக்கி எங்கே ஒழுங்காக ஓடும் என்று காட்டுவது. இடது ஓரக் கோட்டுக்கு 'எழுச்சிக் கோடு' என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு இது ஒப்பவில்லை. ஏன் என்று ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன்.

அதே 2 லிட்டர் இஞ்சின், 6500 சுற்று. நான்கு வீச்சு என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் காற்றை உறிஞ்சும். நிமிடத்துக்கு 6500 லிட்டர். நிரம்பும் திறன் 90 விழுக்காடு என்று வைத்தால் 5850 லிட்டர். ஊட்டழுத்தம் 1 பார். நம் மாவட்டம் கடல்மட்டத்தை ஒட்டியது, ஆகவே வெளிக்காற்று 1 பார், மொத்தம் 2 பார், அழுத்த விகிதம் 2. இண்டர்கூலரைத் தாண்டிய காற்று 50 டிகிரி செல்சியஸ் என்றால் ஒரு கனமீட்டர் ஏறத்தாழ 2.16 கிலோ. ஆக நிமிடத்துக்கு 12.6 கிலோ காற்று. பெட்ரோல் இஞ்சினில் நிமிடத்துக்கு 1 கிலோ காற்று சுமார் 22 குதிரைத்திறன் தரும் என்பது தோராயக் கணக்கு. 277-ஐ ஒட்டி வரும். இதே அழுத்தத்தை 2500 சுற்றில் கேட்டால் காற்று நிமிடத்துக்கு 4.9 கிலோதான்.

இப்போது இந்த இரண்டு புள்ளிகளையும் வரைபடத்தில் குறியுங்கள். வலது புள்ளி வசதியாக நடுவில் விழும்படி பெரிய அமுக்கியை எடுத்தால், இடது புள்ளி இடது கோட்டுக்கு வெளியே போய்விடும். அங்கே காற்று குறைவு, எதிர்ப்பு அதிகம். இறகுகளில் ஒட்டி ஓட வேண்டிய காற்று பிரிந்து பின்னால் திரும்பும், மறுபடி முன்னே போகும், மறுபடி திரும்பும். எதுவும் எழுவதில்லை. எழுச்சி என்று பெயர் வைத்தால் மாணவர் அழுத்தம் ஏறுகிறது என்றே எடுத்துக்கொள்வார். எதிர்ப்பக்கத்துக் கோட்டுக்கு, அதாவது அமுக்கி வழியே அதற்குமேல் காற்று போக முடியாத வலது எல்லைக்கு, 'திணறல் கோடு' நன்றாக அமைந்துவிட்டது. இதற்கும் அப்படி ஒன்று வேண்டும்.

நம் சாலைகளையும் நினைத்துப் பாருங்கள். தக்கலையிலிருந்து களியக்காவிளை வரை முன்னால் ஒரு பேருந்து, பின்னால் ஒரு பேருந்து. இஞ்சின் 1500-க்கும் 3000-க்கும் நடுவில்தான் கிடக்கும். 6500 சுற்றை நம்பி டர்போ எடுப்பவர், வண்டி ஒருபோதும் நிற்காத இடத்துக்காகப் பணம் கொடுக்கிறார். உச்சத்தில் 30, 40 குதிரைத்திறனை விட்டுக்கொடுத்து எல்லையைக் கீழே இறக்குவதுதான் தெருவில் ஓடும் வண்டிக்கு முறை.

அன்புடன்,
நாகர்கோவிலிலிருந்து

* * *

அண்ணாச்சிக்கு,

சுணக்கம் பற்றி நீங்கள் எழுதியது முழுதும் ஏற்பு. நான் குளச்சலில் விசைப்படகு இஞ்சின் பார்க்கிறவன். எங்களிடம் வருவதில் டர்போ வைத்த டீசல் இஞ்சின்கள் உண்டு. ஆனால் கடலில் மணிக்கணக்காக ஒரே சுற்றில் ஓடுகிறது. இந்த எல்லைக்குப் பெயர் வைக்கும் தேவையே எங்களுக்கு வந்ததில்லை. கார் வேறு, ஒத்துக்கொள்கிறேன்.

பிடிசுற்று மட்டும் வேண்டாம். பட்டறையில் 'பிடித்துவிட்டது' என்றால் இறுகி நின்றுபோனது என்றுதான் அர்த்தம். எண்ணெய்க் குழாயில் கரி அடைத்து, தண்டு நீலம் பாய்ந்து, விரலால் சுற்றினால் அசையாத டர்போவைத்தான் நாங்கள் பிடித்த டர்போ என்போம். ஒரு பையனிடம் 'உன் டர்போ 2000-இல் பிடிக்கும்' என்றால் பயந்துபோவான். 'வண்டி எடுக்குது', 'எடுப்பு இல்லை' என்பது எல்லோருக்கும் தெரிந்த பேச்சு. எடுப்புச் சுற்று என்று வைத்தால் என்ன?

அந்த இடது கோட்டுக்கு: அந்த நிலையில் டர்போ போடும் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு வேறு பெயர் தோன்றாது. விட்டுவிட்டு, உள்ளே இழுத்து, வெளியே தள்ளி. விக்கல்தான் அது. விக்கல் கோடு, திணறல் கோடு. அந்த விக்கலை அழகான சத்தம் என்று நினைத்து வேண்டுமென்றே வைத்துக்கொள்ளும் பிள்ளைகளிடம் யாராவது சொல்லுங்கள். முழு மிதியில் அது தொடர்ந்து வந்தால் உந்துவிசையைத் தாங்கும் பேரிங் போய்விடும்.

* * *

குளச்சல் தம்பிக்கு நன்றி.

எடுப்புச் சுற்று, விக்கல் இரண்டுமே நன்றாக இருக்கின்றன. மறுப்பு வராவிட்டால் பட்டியலில் ஏற்றிவிடலாம். பதிவுகள் இப்படி:

எடுப்புச் சுற்று: முழு மிதியில் டர்போ கணிசமான ஊட்டழுத்தம் தரத் தொடங்கும் மிகக் குறைந்த இஞ்சின் சுற்று.

சுணக்கம்: எடுப்புச் சுற்றுக்கு மேலே இருக்கும்போது, மிதித்த கணத்திலிருந்து ஊட்டழுத்தம் ஏறி முடியும்வரை ஆகும் நேரம்.

விக்கல்: அமுக்கியில் காற்றோட்டம் குறைந்து, முன்னும் பின்னுமாகத் துடிக்கும் நிலை.

மார்த்தாண்டத்துத் தம்பிக்கு: புது டர்போ வாங்குமுன் சுழலிப் பக்கத்துச் சங்குக்கூட்டை மட்டும் சின்ன பரப்பு-ஆர விகிதத்துக்கு மாற்றிப் பார்க்கலாம். எடுப்புச் சுற்று கீழே வரும். ஆனால் அமுக்கி அதே பெரிய அமுக்கிதான் என்பதால், அழுத்தம் சீக்கிரம் ஏறும்போது புள்ளி விக்கல் கோட்டைத் தாண்டிவிடக்கூடும். உங்கள் டர்போவின் அமுக்கி வரைபடத்தை இந்த இழையிலேயே அனுப்புங்கள். 2500, 3000, 3500 சுற்றுகளுக்கு மேலே போட்ட அதே கணக்கைப் போட்டுப் புள்ளி வைத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் கூட்டை வாங்கலாம்.