குடும்பக் குழுவில் ஒரு விடிகாலை

குமார்: அச்சகத்துல 7 மணிக்குள்ள வாசகம் வேணுமாம். "எங்கள் தந்தையார் இறந்துவிட்டார்"னு அனுப்பட்டுமா?

பெரிய அத்தை: ஐயோ, என்ன சொல்லுடா அது. இறைவனடி சேர்ந்தார்னு போடு

செல்வி: அப்பா சாமியே கும்பிட்டதில்ல அத்தை. இயற்கை எய்தினார்

பெரிய அத்தை: எங்கண்ணன் கும்பிடலன்னா சாமி கைவிட்டுருமா

சித்தப்பா: குமாரு, அக்கா பதறுறது நியாயம்தான். செத்தாரைத் 'துஞ்சினார்'னு சொல்றதுக்கு நன்னூல்ல 'மங்கலம்'னே பேரு. 13ஆம் நூற்றாண்டு நூல். துஞ்சுறதுன்னா தூங்குறது. வீட்டை விட்டுக் கிளம்புறப்போ நாம 'போறேன்'னா சொல்றோம்? 'வர்றேன்'தானே, அதே பழக்கம். அப்புறம் இந்த ஒரு வினைச்சொல்லை வச்சே வீடு எதுன்னு தெரிஞ்சிடும். சிவலோக பதவின்னா சைவம். கர்த்தருக்குள் நித்திரைன்னா கிறிஸ்தவங்க. வஃபாத்தானார்னா முஸ்லிம் வீடு. இயற்கை எய்தினார்னா பெரும்பாலும் பகுத்தறிவுக்காரங்க. அதனால யோசிச்சுப் போடணும்

குமார்: சித்தப்பா, மணி 6:40

தம்பி: சின்ன மாமா பஸ் ஏறிட்டாரா? யார் போய்க் கூட்டிட்டு வர்றது

சின்ன மாமா: ஏறியாச்சு. கீழ என் பேரு வருமா?

பெரிய அத்தை: 12 வருசமா வாசப்படி மிதிக்காதவருக்குப் பேரு வேற

சித்தப்பா: இப்ப வேணாம்க்கா

செல்வி: வரும் மாமா

செல்வி: பேருன்னதும் ஞாபகம் வருது. ஆஸ்பத்திரியில நோயாளி பேரு என்னன்னு அம்மாகிட்ட கேட்டாங்க. வாயே திறக்கல. 46 வருசமா 'இந்தாங்க'தானே. அவங்க ரெண்டாவது தடவை சத்தமா கேட்டாங்க. அம்மா என் கையை இழுத்து, உள்ளங்கையில விரலால எழுதிக் காட்டுச்சு. முதல் எழுத்து மட்டும்

தம்பி: 😢

சித்தப்பா: 'காலமானார்' போடலாமே. எல்லாருக்கும் பொது

பெரிய அத்தை: மொட்டையா இருக்கு

குமார்: அம்மா என்ன சொல்லுது

செல்வி: எதையாச்சும் எழுதுங்கங்குது. ஆனா ராத்திரி அழுதப்ப கேட்டீங்களா? "என்னை விட்டுட்டு எங்க போன நீ"ன்னு. அம்மா அப்பாவை நீன்னு கூப்பிட்டு நான் கேட்டதே இல்ல

பெரிய அத்தை: ஒப்பாரியில அப்படித்தான்டி வரும். எங்கம்மாவுக்கும் அன்னைக்குத்தான் வந்துச்சு

குமார்: 6:58. காலமானார்னு அனுப்பிட்டேன்

பெரிய அத்தை: பதினாறாம் நாள் பத்திரிகையில இறைவனடிதான். இப்பவே சொல்லிட்டேன்

செல்வி: அத்தை...

சின்ன மாமா: என் இனிஷியல் சேத்துட்டியா குமாரு?

தம்பி: பஸ் எத்தனை மணிக்கு வருது மாமா